கையை நீட்டிப் பிடித்துப் படி

அன்புள்ள வாலுவுக்கு,

இங்கே உன் அப்பாவின் முழங்கால் வலியைத் தவிர எல்லாரும் சுகம். அங்கே நீ சுகமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும், ஆனால் கேட்டால் சுகம்மா என்பாய், அந்தப் பொய்யைப் போனில் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது, அதனால் கேட்கவில்லை. முதலில் இந்தக் காகிதத்தை முகத்தோடு ஒட்டிவைத்துக்கொண்டு தேடாதே. கையை நன்றாக நீட்டிப் பிடித்துப் படி. என்னால் இப்போது பெரிய பெரிய எழுத்தாகத்தான் எழுத முடியும், உன்னால் இப்போது சின்னச் சின்ன எழுத்தாகத்தான் படிக்க முடியும். குழாய் வழியாகப் பார்க்கிற கண்ணுக்குள் பெரிய எழுத்து அடங்காது, தள்ளிப் பிடித்தால்தான் சின்னதாகி உள்ளே வரும். இது எந்த டாக்டரும் சொன்னதில்லை, என் கண் போய்க்கொண்டிருந்த காலத்தில் நானே கண்டுபிடித்தது. ஆமாம்டா, உன் கண்ணும் போய்க்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும். அக்கா உளறவில்லை, அப்பா உளறவில்லை, போன் போட்டு அவர்கள்மேல் பாயாதே. நானே பார்த்தேன். பார்த்தேன் என்று ஒரு வார்த்தை எழுத எனக்கு எத்தனை வருஷம் ஆயிற்று, கடைசியில் எதைப் பார்த்தேன் பார்.

எங்கம்மாவுக்குக் கண் வந்துவிட்டது என்று நீ அங்கே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறாயாம். வரவில்லை. வந்தது வேறு. உனக்கும் ஒருநாள் இது வேண்டியிருக்கும் என்பதால் ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன், கேட்டுக்கொள். கண்ணுக்குள்ளே பின்பக்கச் சுவரில் ஒட்டின காகிதம் மாதிரி விழித்திரை இருக்கிறது. அதில் வெளிச்சத்தைப் பிடிக்கிற அணுக்கள் நம் வியாதியில் ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டே வரும். அடுத்த வரிசையில் உட்கார்ந்து மூளைக்குச் செய்தி அனுப்புகிற அணுக்கள் அவ்வளவு சீக்கிரம் சாகாது, வேலையில்லாமல் சும்மா உட்கார்ந்திருக்கும், எங்கள் ஆபீசில் பாதிப் பேர் மாதிரி. தண்ணீர்த் தொட்டியில் பாசி பிடிக்கிறதே, அந்தப் பாசி இனத்தில் ஒன்றுக்கு வெளிச்சம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியுமாம். அந்தப் புத்தியைக் கொடுக்கிற மரபணுவை எடுத்து, நோய் தராத ஒரு வைரஸின் முதுகில் ஏற்றி, என் இடது கண்ணுக்குள் ஊசியால் விட்டார்கள். சும்மா இருந்த அணுக்கள் அதை வாங்கிக்கொண்டு தாங்களே வெளிச்சம் பிடிக்கப் பழகும். உடனே இல்லை, மாதக்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டும். அப்புறமும் வெறும் வெளிச்சம் அதற்குப் போதாது, கனமான ஒரு கண்ணாடியை மாட்டிக்கொள்ள வேண்டும், அதிலிருக்கிற கேமரா எதிரே உள்ளதைப் பிடித்து, பாசிக்குப் பிடித்த ஆரஞ்சு வெளிச்சமாக மாற்றிக் கண்ணுக்குள் அடிக்கும். உன் அப்பா என்னைப் பாசிக்கண்ணி என்று கூப்பிடுகிறார், சாவி வெட்டிப் பிழைக்கிற மனுஷனுக்கு இந்த வயசில் கிண்டல் வேறு.

இவ்வளவு செய்து என்ன தெரிகிறது என்று கேள். நிறம் தெரியாது. முகம் தெரியவே தெரியாது. வெள்ளைத் துணியில் கறுப்புக் கப்பை வைத்தால் அங்கே ஏதோ துடிக்கிற மாதிரி இருக்கும், தலையை மெதுவாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினால் அதன் ஓரம் பிடிபடும், ஓரம் பிடிபட்டால் கையை நீட்டித் தொடலாம். ஆஸ்பத்திரியில் வாராவாரம் இதுதான் பாடம். மேஜையில் கப்புகளை மாற்றி மாற்றி வைத்துவிட்டு ஒரு பெண் எத்தனை, எங்கே என்று கேட்பாள், நான் சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்வதால் அவளுக்குக் கிளி என்று பேர் வைத்திருக்கிறேன். முதல்முதலாக நான் ஒரு கப்பைத் தேடாமல் தொட்டபோது கிளிதான் அழுதாள், நான் அழவில்லை, காபி எங்கே என்று கேட்டேன். அந்த அறைக்குள் உன் அப்பாவை விடமாட்டார்கள், வெளியில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். வெளியே வந்ததும் என்ன தெரிஞ்சுது என்று ஆவலாகக் கேட்பார், நான் ஏதோ மினுக்குது, அவ்வளவுதான் என்று சொல்லிவிடுவேன். வீட்டில் எவ்வளவு தெரிகிறது என்று நானே முதலில் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைத்தேன். நல்லவேளை நினைத்தேன்.

வெள்ளை இந்தக் கண்ணுக்கு நன்றாகவே தெரியும். குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று தலையை ஆட்டினேன், எதிரே சுண்ணாம்பு அடித்த மாதிரி ஒரு வெளிச்சம் சேர்ந்து ஆடியது. அது என் தலைமுடி. அங்கங்கே ஒண்ணு ரெண்டு நரைச்சிருக்கு, அவ்வளவுதான் என்று உன் அப்பா வருஷக்கணக்கில் சொல்லிவந்த தலைமுடி. அதை ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் கேட்டுக்கொள்ளலாம் என்று ஓரமாக வைத்திருக்கிறேன். ஆபீசில் இன்னும் மோசம். தண்ணீர் வரவில்லை, குழாய் உடைந்துவிட்டது என்று ஊர் முழுக்க என்னிடம்தான் போனில் கத்துகிறது, அதற்கு நடுவில் ஒவ்வொருவராக வந்து விரலை நீட்டி எத்தனை என்று சொல்லுங்க பார்க்கலாம் என்கிறார்கள். விரல் எனக்குத் தெரியாது, கைதான் ஒரு மொத்தையாகத் தெரியும். எங்கள் மேலதிகாரி நீட்டியபோது ஆறு என்று சொன்னேன், மனுஷன் பதறிப்போய்த் தன் விரல்களை எண்ணிப் பார்த்தாராம், ஆபீசே சிரித்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என் காதைப் பற்றி உனக்குத் தெரியும். பக்கத்து அறையில் நீ மிட்டாய்க் காகிதம் பிரித்தால் இங்கிருந்தே எத்தனையாவது என்று கேட்டவள் நான். அந்தக் காதுக்குப் பயந்து உன் அப்பாவும் அக்காவும் எனக்குத் தெரியாமல் பேச வேண்டியதையெல்லாம் கையால் பேசப் பழகியிருக்கிறார்கள். எத்தனை வருஷமாக என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். வாய் என்னிடம் பேசிக்கொண்டிருக்கும், கை தங்களுக்குள் பேசிக்கொண்டிருக்கும். ஒரு சாயங்காலம் அக்கா மருந்துக்கடை வேலை முடிந்து வந்து பால்கனிக் கதவுப் பக்கம் நின்றாள், உன் அப்பா எதிரே நின்றார், பின்னால் நல்ல வெளிச்சம். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சோபாவில் தேமே என்று உட்கார்ந்திருந்தேன். வாலு எப்படி இருக்கான் என்று கேட்டேன். அவனுக்கென்னம்மா, ராஜா மாதிரி இருக்கான் என்று அக்கா சொன்னாள், சொல்லும்போதே அவளுடைய கை மேலே போய் இல்லை இல்லை என்று ஆடியது, உன் அப்பாவின் கை நெற்றிக்குப் போனது. கண் கிடைக்கட்டும் என்று என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனவர்களும் இவர்கள்தான், அந்தக் கண்ணுக்கு நேராகக் கையை ஆட்டினவர்களும் இவர்கள்தான். அவர்களுக்கு நான் குருடி என்பது அவ்வளவு பழகிப்போயிருந்தது.

எனக்கு வந்த கோபத்துக்கு அப்போதே கையில் இருந்த டம்ளரை வீசியிருப்பேன். வீசவில்லை. அடடா, இது நல்ல விளையாட்டாக இருக்கிறதே என்று தோன்றியது. நீ எவளையோ ரகசியமாகக் கட்டிக்கொண்டாய், அல்லது உன்னை வேலையை விட்டுத் துரத்திவிட்டார்கள், இரண்டில் ஒன்று என்று முடிவு கட்டினேன். அதற்கப்புறம் அவர்களைப் படுத்தினேன் பார் ஒரு பாடு. வாலுவை அடுத்த மாசமே வரச் சொல்லு, பொண்ணு பார்க்கலாம் என்பேன், கைகள் பறக்கும். அவன் குரலே சரியில்லையே, ஏதாவது மறைக்கிறானா என்பேன், உன் அப்பா எழுந்து நடக்க ஆரம்பிப்பார். வாய் மட்டும் அதெல்லாம் ஒண்ணும் இல்லையே என்று தேனாக ஒழுகும். ராத்திரி படுத்துச் சிரித்திருக்கிறேன். பொய் சொல்கிறவர்களைத் தவிக்கவிடுவதில் இவ்வளவு சுகம் இருக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது. அந்தச் சுகத்தை வாரக்கணக்கில் அனுபவித்தேன், மறைக்காமல் சொல்கிறேன்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் வந்தாய். உன் அப்பாவுக்குப் போன் சின்னதாக இருக்கிறது என்று டிவியில் போட்டிருந்தார்கள். நீ வெள்ளை மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தாய், பின்னால் வெள்ளைச் சுவர், நீ போட்டிருந்தது ஏதோ கறுப்புச் சட்டை, ஆஸ்பத்திரி மேஜை தோற்றது போ. உன் முகம் எனக்கு ஒரு புகைதான். ஆனால் மேஜையில் ஒரு கப் இருந்தது, அது தெரிந்தது. இந்தக் கண்ணோடு என் பிள்ளை பக்கத்தில் ஒரு கப்பைப் பார்த்துவிட்டேன் என்று சந்தோஷத்தில் சோபா நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தேன். நீ சாப்பாட்டைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாய். சொல்லிக்கொண்டே கையை நீட்டினாய். கண் இருக்கிறவன் கப்பை எடுக்கும்போது கை மேலிருந்து நேராக இறங்கும். உன் கை இறங்கவில்லை. மேஜை ஓரத்தில் உட்கார்ந்து, ஒரு மொத்தையாகப் பலகையை வழித்துக்கொண்டே மெதுவாக ஊர்ந்து போனது, கப்பைத் தட்டிவிடாமல் முட்டியது, அப்புறம்தான் திரும்பிப் பிடித்தது. அதோடு உன் தலை இந்தப் பக்கம் ஒரு தரம், அந்தப் பக்கம் ஒரு தரம் போய்வந்தது. அது பழக்கம்மா, சும்மாம்மா என்று எனக்குக் காது குத்தாதே. அது என் கை. நான் எத்தனையோ கப்பை உடைத்து, கையைச் சுட்டுக்கொண்டு கற்றுக்கொண்டது. அதை உனக்கு நான் சொல்லிக் கொடுக்கவில்லை. நீயே கப்பை உடைத்துக் கற்றுக்கொண்டிருக்கிறாய். ஊரிலுள்ள டாக்டர்கள் எல்லாரும் சேர்ந்து எனக்குத் திருப்பிக் கொடுத்த கண் முதல்முதலாக அடையாளம் கண்டுபிடித்தது இதைத்தான்.

நல்லா சாப்பிடுடா என்று சொல்லி வைத்தேன், ஞாபகம் இருக்கிறதா. நீ போனதும் கண்ணாடியைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன். அக்கா உன் அப்பாவைப் பார்த்துக் கையைத் தூக்கினாள். கையை இறக்குடி, எனக்குத் தெரியுது என்றேன். கை அப்படியே அந்தரத்தில் நின்றது, அந்தப் பெண் வீல் என்று கத்தினாள், உன் அப்பா பேயறைந்த மாதிரி நாற்காலி இல்லாத இடத்தில் உட்காரப் போனார். அப்புறம் எல்லாம் கொட்டினார்கள். அம்மாகிட்ட சொல்லாதீங்க, தன்னாலதான்னு உடைஞ்சு போயிடுவாங்க என்று நீதான் சத்தியம் வாங்கினாயாம். என்ன நினைப்புடா உனக்கு. நான் உடையவில்லை. என்னிடமிருந்துதான் வந்தது, பிள்ளைக்குப் பிள்ளை பாதிக்குப் பாதி வாய்ப்பு, அக்கா தப்பித்தாள், நீ மாட்டினாய். அதற்கு நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. என் மூக்கும்தான் உனக்கு வந்திருக்கிறது, அதற்கு என்றைக்காவது கேட்டேனா.

ஆனால் அந்த இன்னொன்றையும் அக்கா சொன்னாள். கிடங்கில் பாரம் தூக்கி அடுக்க நீ ஓட்டுகிற வண்டி, அந்த ஃபோர்க்லிஃப்ட். பக்கவாட்டில் ஒன்றும் தெரியாத கண்ணை வைத்துக்கொண்டு, கழுத்தைத் திருப்பித் திருப்பிச் சமாளிச்சுக்கிறேன் என்று அக்காவிடம் பெருமை அடித்தாயாமே. கூட வேலை செய்கிற பையன் பக்கத்தில் நின்றது தெரியாமல் அவன் பாதத்தின் மேலே ஏற்றியிருக்கிறாய். அதையாவது விபத்து என்று விடலாம். கேட்டவர்களிடம் பிரேக் பிடிக்கவில்லை என்று சொல்லியிருக்கிறாய். வண்டியைப் பார்த்துக்கொள்கிற மெக்கானிக்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவனுக்கும் ஒரு அம்மா இருப்பாள், என் பிள்ளை ஒழுங்காகத்தானே வேலை பார்த்தான் என்று அவள் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருப்பாள். குருடனாகப் போகிற பிள்ளையை என்னால் தாங்க முடியும்டா, நான் அதில் தேறினவள். இப்படி ஒரு பிள்ளையை எனக்குத் தாங்கத் தெரியவில்லை. இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றைக்கே வண்டியை விட்டு இறங்கு. போய் உன் மேலாளரிடம் பிரேக் நன்றாகத்தான் இருந்தது, கண்தான் இல்லை என்று சொல். வேலை போகும், போகட்டும். அப்புறம் நேராக அந்தப் பையன் வீட்டுக்குப் போ. கண் போவதற்கு முன்னால் கடலைப் பார்க்கணும், மலையைப் பார்க்கணும் என்று ஆளாளுக்கு ஆசைப்படுவார்கள், நானும் அலைந்தேன். நீ முதலில் போய் அவன் காலைப் பார். உட்கார்ந்து நன்றாகப் பார்.

போன வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, தெரிந்த பையன் ஒருவன், எனக்கு வந்த அதே வியாதி, குழாய் அளவுக்குப் பார்வை இருக்கிறது, அவனுக்கும் இந்த ஊசியைப் போட முடியுமா என்று டாக்டரிடம் கேட்டேன். தெரிந்த பையன் என்றதுமே அவருக்குப் புரிந்துவிட்டது. மிச்சம் இருக்கிற கண்ணில் கை வைக்க மாட்டோம்மா, இருக்கிறதும் போயிட்டா யார் பதில் சொல்றது, முழுசா இருட்டானவங்களைத்தான் எடுப்போம் என்றார். அப்படியென்றால் அவன் முழுக்கக் குருடாகிற வரைக்கும் காத்திருக்கணுமா என்று கேட்டேன். ஆமாம் என்றார். காத்திருந்தால் எடுப்பீர்களா என்றேன். இன்னும் ஒரு தொகுதி ஆட்களைச் சேர்ப்போம், அதோடு இந்தச் சோதனை முடிஞ்சிடும், அப்புறம் என்ன ஆகும்னு எனக்கே தெரியாது என்றார். மரியாதையான மனுஷன், குரலில் பொய் இல்லை, அதனால்தான் எனக்கு அவரைச் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. வராந்தாவில் வந்து உட்கார்ந்தேன். கண்ணாடிக்குள் ஈரம் போனால் கெட்டுவிடும் என்று கிளி சொல்லியிருக்கிறாள், அதனால் அதைக் கழற்றிப் பையில் பத்திரமாக வைத்துவிட்டு, அப்புறம் அழுதேன். அழுது முடித்ததும் கணக்குப் போட்டேன். உன் கண் மெதுவாகப் போனால் நீ வருவதற்குள் கதவைச் சாத்திவிடுவார்கள். அரைக்கண்ணும் கால்கண்ணுமாக நீ அங்கே அல்லாடிக்கொண்டிருப்பாய், பிறகு முழு இருட்டு வரும், அப்போது ஊசியும் இருக்காது, இந்த டாக்டரும் இருக்க மாட்டார். என் கண் போனபோது இன்னும் ஒரு நாள், இன்னும் ஒரு நாள் என்று கெஞ்சினவள் நான். இப்போது உனக்காக என்ன கேட்கிறேன் என்று எனக்கே வாய் கூசுகிறது, இருந்தாலும் கேட்கிறேன், காலையிலும் சாயங்காலமும் கேட்கிறேன்.

எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடு. நான் உன் முகத்தைப் பார்க்கப்போவதில்லை, இந்தக் கண்ணில் முகம் விழாது, எவ்வளவு தலையை ஆட்டினாலும் விழாது, அதை டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாயிற்று. ஆனால் உன் குழாய்க்குள் என் முகம் இன்னும் அடங்கும், எட்ட நின்று பார்த்தால் போதும். நம் இரண்டு பேரில் ஒருவராவது ஒரு தரம் பார்த்து வைத்துக்கொள்வோம். தலை முழுக்க நரைத்துவிட்டது, பார்த்துவிட்டுப் பொய் சொல்லாதே. பகல் வண்டியில் வா, இருட்டில் இறங்காதே, படியில் யார் கையையாவது பிடித்து இறங்கு, பிடிக்க வெட்கப்படாதே. இந்தக் கடிதத்தை, எழுத்து கோணாமலிருக்க அட்டையில் வரி வரியாக வெட்டிய பழைய சட்டத்தை வைத்து, தடித்த பேனாவால் நானே எழுதினேன், நானே நடந்துபோய்த் தபால் பெட்டியில் போடுவேன், அப்பாவுக்குக் காட்டமாட்டேன், காட்டினால் கடைசி வரியை அடித்துவிடுவார். நன்றாகச் சாப்பிடு. ஃபோர்க்லிஃப்டை விட்டு இறங்கு என்று சொன்னதை மறக்காதே. மற்ற அம்மாக்கள் வாழ்த்துகிற மாதிரி உன்னை வாழ்த்த எனக்கு வழியில்லை.

உன் கண் சீக்கிரமாகவும் முழுசாகவும் போகட்டும் என்று ஆசீர்வதிக்கும்,
உன் அம்மா